இருவாழ்வியா, நீர்நில வாழ்வனவா?

‘ஆம்ஃபிபியன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இன்று மூன்று பெயர்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘இருவாழ்விகள்’ என்கின்றன. பொதுக் கட்டுரைகளில் ‘நீர்நில வாழ்வன’ என்பதைப் பார்க்கிறோம். இலங்கைத் தமிழர் ‘ஈரூடகவாழிகள்’ என்று எழுதுகிறார்கள். மூன்றும் சுட்டுவது தவளை, தேரை, அவற்றின் உறவுக் கூட்டத்தைத்தான். எதை எழுதினாலும் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இந்த மூன்றில் ஒன்றுதான் தவளையைச் சரியாகச் சொல்கிறது என்பது என் கட்சி. காரைக்குடிச் சீமையில் கண்மாய்க்கரையை ஒட்டி வளர்ந்த எவரையும் சாட்சிக்குக் கூப்பிடலாம்.

முதலில் வேர். கிரேக்கத்தில் ‘ஆம்ஃபி’ என்றால் இருபுறமும், இரண்டும் என்று பொருள். ‘பயோஸ்’ என்றால் வாழ்வு. உடலில் ஓடும் உயிரைச் சொல்லக் கிரேக்கரிடம் ‘ஸோஎ’ என்று வேறொரு சொல் இருந்தது. பயோஸ் என்பது வாழ்ந்து கழிக்கும் வாழ்க்கை, வாழும் முறை. ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் ‘பயோகிராஃபி’ என்கிறார்களே, அதில் உட்கார்ந்திருப்பதும் இதே பயோஸ்தான். ஆக, சொல்லைப் பிரித்தால் ‘இரு வாழ்க்கை உடையது’ என்றுதான் வருகிறது. நீரும் நிலமும் அதன் உறுப்புகளில் இல்லை. நீரிலும் நிலத்திலும் திரியும் உயிர்களுக்குக் கிரேக்கர்களே இந்தப் பெயரை வழங்கினார்கள் என்பது உண்மை. குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அந்தக் குழப்பத்தைச் சட்டமாக்கியவர் லின்னேயஸ். சுவீடனைச் சேர்ந்த இவர் 1735இல் விலங்குகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்து, அவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்ஃபிபியா’ என்று பெயரிட்டார். 1758இல் வந்த பத்தாம் பதிப்பில் அந்த வகுப்பைத் திறந்து பார்த்தால் தவளையோடு ஆமை, முதலை, பல்லி, பாம்பு எல்லாம் இருக்கின்றன. போதாததற்குச் சுறாவையும் திருக்கையையும் அதிலேயே போட்டிருந்தார். குளிர்ந்த உடல், வெளிறிய நிறம், முரட்டுப் பார்வை என்று குறைகளை அடுக்கி, இவை அருவருப்பானவை என்பதால்தான் கடவுள் இவற்றை அதிகம் படைக்கவில்லை என்றும் எழுதிவைத்தார். பெரிய மனிதர்தான், தவளை விஷயத்தில் நியாயமாக நடந்துகொள்ளவில்லை.

தவளைக் கூட்டத்தைப் பாம்பு, பல்லிகளிடமிருந்து பிரித்துத் தனியாக அடையாளம் கண்டவர்கள் பிரெஞ்சு அறிஞர்கள். 1800ஐ ஒட்டிப் பிரோங்னியார் அவற்றுக்குத் தனிப் பிரிவு கொடுத்தார். 1825இல் லத்ரேய் தனி வகுப்பாகவே வைத்தார். இன்று இந்த வகுப்பில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் மிகப் பெரும்பான்மை தவளை, தேரைகளே. மீதி, வாலுள்ள சாலமாண்டர்களும் காலில்லாமல் மண்புழுவைப் போலத் தோன்றும் குருட்டுப் புழுக்களும்.

சரி, ‘நீர்நில வாழ்வன’ என்பதில் என்ன குறை? கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க்குப் போய்ப் பாருங்கள். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தின் பகுதி அது. அங்கே கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர். நத்தைகுத்தி நாரை தண்ணீரில் இரை பிடித்து, கரை மரத்தில் குஞ்சு பொரிக்கிறது. தண்ணீர்ப் பாம்பு நீரிலும் கரையிலும் திரிகிறது. ஆமை இரண்டிலும் இருக்கிறது. வெயில் ஏறினால் எருமையும் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நீருக்குள்தான் கிடக்கிறது. ‘நீரிலும் நிலத்திலும் வாழ்வது’ என்று வரையறுத்தால் இவை அத்தனையும் உள்ளே வந்துவிடும். ‘ஈரூடகவாழி’ என்பதும் இதே கதைதான். நீர், நிலம் என்ற பெயர்களை எடுத்துவிட்டு ஊடகம் என்று பொதுவாகச் சொல்வதால் வரையறை இறுகிவிடுவதில்லை. லின்னேயஸ் சறுக்கிய இடத்திலேயே நாமும் சறுக்க வேண்டியதில்லை.

ஆமையையும் தவளையையும் பிரிக்கும் கோடு அவை வசிக்கும் இடத்தில் இல்லை, முட்டையில் இருக்கிறது. ஆமையும் முதலையும் ஓடுள்ள முட்டையைக் கரையேறி இடுகின்றன. உள்ளே இருக்கும் கருவைச் சுற்றிச் சவ்வும் நீரும் உண்டு. பொரித்து வரும் குஞ்சு தாயின் சிறு வடிவம். தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. வெயில் பட்டால் காய்ந்து போகும். அதிலிருந்து வெளிவருவது தவளையும் அன்று, தலைப்பிரட்டை.

இங்கே தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுக்கும் மரபியல், பறப்பவற்றின் இளமைக்குப் ‘பார்ப்பும் பிள்ளையும்’ என்று சொல்லிவிட்டு, ‘தவழ்பவை தாமும் அவற்றோர் அன்ன’ என்று சேர்த்துக்கொள்கிறது. சங்கப் பாட்டிலும் ஆமைக் குஞ்சு பார்ப்பு, முதலைக் குஞ்சும் பார்ப்பு. முதலைக்கு இன்று உயிரோடு இருக்கும் நெருங்கிய உறவு பறவைகள் என்று உயிரியல் சொல்வதைப் படிக்கும்போது ஒரு குறுகுறுப்பு ஏற்படத்தான் செய்கிறது. அதற்காகத் தொல்காப்பியர் பரிணாமம் பேசினார் என்று கிளம்பிவிட வேண்டாம். குஞ்சு பொரிப்பதை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான், அதுவே பெரிது.

தலைப்பிரட்டைக்கு வருவோம். அது செவுளால் மூச்சு விடுகிறது. பாசியைச் சுரண்டித் தின்கிறது. அதைச் செரிக்கச் சுருள் சுருளாக நீண்ட குடல். இதயத்தில் இரண்டு அறைகள். கழிவை அம்மோனியாவாக நீரிலேயே விட்டுவிடுகிறது. உருமாற்றம் தொடங்கியதும் இவை ஒவ்வொன்றும் மாறுகின்றன. நுரையீரல் வேலைக்கு வருகிறது. பூச்சி தின்னும் பிராணியாவதால் குடல் சுருங்குகிறது. இதயம் மூன்று அறையாகிறது. நீர் கிடைக்காத இடத்திலும் பிழைக்க வேண்டுமே, கழிவு யூரியாவாக மாறுகிறது. வால் உதிர்ந்து விழுவதில்லை. உடலுக்குள்ளேயே கரைந்து உணவாகிறது. இத்தனைக்கும் விசை கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி. 1912இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டுத் திசுவைத் தின்னக் கொடுத்தார். அவை காலத்துக்கு முன்பே குட்டித் தவளைகளாகிவிட்டன. மூச்சு, உணவு, குருதியோட்டம், கழிவு எல்லாம் வேறு வேறாக இருக்கும் இரண்டு வாழ்க்கைகளை ஒரே உயிர் வாழ்ந்து முடிக்கிறது. இதைவிடப் பொருத்தமாக ‘இருவாழ்வி’ என்ற சொல்லுக்கு எப்படிப் பொருள் சொல்வது?

செட்டிநாட்டு மண் இந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரு வலு சேர்க்கிறது. இங்கே ஆற்றுப் பாசனம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, கண்மாயும் ஊருணியும்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் நிறையும். பங்குனி, சித்திரையில் கண்மாய் வெடித்துக் கிடக்கும். செம்புறாங்கல் படி கட்டிய ஊருணிகள் மட்டும் இன்னும் சிறிது காலம் தாங்கும். நீர்நிலைதான் வீடு என்றால் இந்தச் சீமைத் தவளைகள் ஆண்டின் பாதி நாள் வீடில்லாமல் தவிக்க வேண்டும். அவை தவிப்பதில்லை. ஏனென்றால் அவற்றுக்கு நீர் முதல் வாழ்க்கைக்கு மட்டுமே கட்டாயம். அதுவும் சில வாரங்களுக்கு.

மழை நின்ற பின் அவை எங்கே போகின்றன? பாதிப் பேர் மண்ணுக்குள். வளை தோண்டும் தவளை ஒன்றின் பின்னங்காலைத் திருப்பிப் பார்த்தால் குதிகாலருகே மண்வெட்டித் தகடு போல ஒரு கெட்டியான மேடு தெரியும். தலையை வெளியே வைத்துக்கொண்டு, இரண்டு பின்னங்கால்களாலும் மாறி மாறி மண்ணைத் தள்ளியபடி பின்பக்கமாகவே அது இறங்கும். கடைசியாகக் கண் இரண்டும் மண்ணுக்குள் மறையும்போது மேலே ஒரு தடயமும் இருக்காது. அடியில் ஈரம் இருக்கும் மட்டும் போய், உடலின் இயக்கத்தைக் குறைத்துக்கொண்டு கோடை முழுவதும் உறங்கும். இதைப் பழமொழி நானூறு பார்த்திருக்கிறது:

மணலுள் முழுகி மறைந்து கிடக்கும்
நுணலும்தன் வாயால் கெடும்.

‘தவளை தன் வாயால் கெடும்’ என்று நாம் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்ட பழமொழியின் முழு உருவம் இது. தேய்ந்ததில் போனது மணல். ‘முழுகி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நீரில் முழுகுவது போல அது மணலில் முழுகுகிறது. நுணல் என்ற அழகான சொல்லையும் நாம் கிட்டத்தட்டத் தொலைத்துவிட்டோம். வளை தோண்டும் தவளைகளுக்கு அதை மீட்டுக் கொடுத்தால் என்ன?

மண்ணுக்குள் போகாதவை வீட்டுக்குள் வருகின்றன. நூல்களில் ‘தேரை’ என்றால் சொரசொரத்த தோலுள்ள, குதிப்பதைவிட நடப்பதில் நாட்டமுள்ள பிராணி. எங்கள் பக்கத்துப் பேச்சில் சுவரேறி ஒட்டிக்கொள்ளும் மரத்தவளையும் தேரைதான். முன்னது தண்ணீர்ப் பானையின் அடியிலும் முற்றத்துத் தூம்புவாயிலும் வயிற்றை அழுத்தி உட்கார்ந்திருக்கும். குளிர்ச்சிக்காக என்று நினைப்போம். அது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது! இந்தக் கூட்டம் வாயால் நீர் குடிப்பதில்லை. தேரையின் அடிவயிற்றுத் தோல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் கடவுள் என்பார்கள். கல்லிடுக்கின் ஈரமே பாதிப் படியை அளந்துவிடுகிறது.

பின்னதற்கு விரல் நுனியில் வட்டத் தட்டுகள். பல்லிக்கும் சுவரேறத் தெரியும். ஆனால் அதன் கால் உலர்ந்த மயிரிழைகளால் பிடிக்கிறது, மரத்தவளையின் கால் ஈரத்தால் பிடிக்கிறது. ஒரே சுவர், ஒரே வேலை, இரண்டு வழி. இத்தகைய பொருத்தத்தைத்தான் ‘தகவமைப்பு’ என்கிறோம். லத்தீனில் ‘ஆப்டஸ்’ என்றால் பொருந்தியது. அதிலிருந்து வந்தது ‘அடாப்டேஷன்’. நம்மிடம் ‘தகு’ என்ற வேர் இருந்தது. தகுதி, தக்கார், தகவு எல்லாம் அதன் பிள்ளைகள். தகவு, அமைப்பு இரண்டையும் சேர்த்த இந்தச் சொல் கலைச்சொற்களில் நன்றாக அமைந்தவற்றுள் ஒன்று.

ஐப்பசி மழை பிடித்த மறுநாள், கொல்லையில் உள்ள சிமெண்டுத் தொட்டியின் உட்சுவரில் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே உள்ளங்கை அளவு வெள்ளை நுரை ஒட்டியிருக்கும். சிறுவர்கள் குச்சியை எடுத்தால், “அதைக் கலைக்காதே ஐயா, தேரை கக்கினது” என்று ஆச்சிமார் அதட்டுவார்கள். கக்கியது அன்று; முட்டையிடும்போது வெளிவரும் திரவத்தைக் காலால் கடைந்து எழுப்பிய நுரை. மேல்பரப்பு காய்ந்து ஏடு கட்டிக்கொள்ளும், உள்ளே ஈரம் காயாது. சில நாளில் அடிப்பக்கம் இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தொட்டி நீரில் சொட்டும். தாய் மரத்தில் வாழ்கிறாள், முட்டை சுவரில் இருக்கிறது, பிள்ளை நீரில் வளர்கிறது. இதை ‘நீர்நிலம்’ என்ற இரண்டு சொற்களுக்குள் எப்படி அடைப்பது?

எதிர்க்கட்சிக்கும் ஒரு வாதம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் பல, இலையிலோ மண்ணிலோ முட்டையிடுகின்றன; அதிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வருகிறது. தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. அப்படியானால் இருவாழ்வி என்பது பொய்யாகிவிடாதா? கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ‘நீர்நில வாழ்வன’ முற்றிலும் விழுந்துவிடுகிறது. அந்தத் தவளை குளத்தையே பார்ப்பதில்லை. முட்டைக்குள் மறைந்தாவது இரண்டு வாழ்வு நடக்கிறது என்று நம் சொல்லுக்குப் பேச இடம் இருக்கிறது.

அண்டை மொழிகளிலும் இதே இழுபறி. இந்தியில் ‘உபயசர்’, இரண்டிலும் சஞ்சரிப்பது. தெலுங்கும் அந்த வழியே. மலையாளம் ‘உபயஜீவி’ என்கிறது. நம் இருவாழ்விக்கு உடன்பிறப்பு.

சொல்லின் கடைசியில் நிற்கும் இகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாலூட்டி, ஒட்டுண்ணி, இருவாழ்வி எல்லாவற்றிலும் அது ‘இதைச் செய்வது, இதை உடையது’ என்று பொருள் தருகிறது. ஊருணியில் உள்ள இகரமோ ‘ஊரால் உண்ணப்படுவது’ என்று செயப்படுபொருளைக் காட்டுகிறது. ஒரே விகுதி இரண்டு திசையிலும் வேலை செய்கிறது. புதுச் சொல் ஆக்குபவர்களுக்கு இந்த இகரம் இன்னும் நெடுங்காலம் உழைக்கும்.

இனி எழுதும் முறை. ஒருமையில் இருவாழ்வி, பன்மையில் இருவாழ்விகள், வகுப்பின் பெயராக ‘இருவாழ்வி வகுப்பு’. ‘இரு வாழ்வி’ என்று பிரித்து எழுதினால் இரண்டு எண்ணிக்கை என்று தோன்றும், சேர்த்தே எழுதுக. ‘ஆம்ஃபிபியஸ்’ என்ற பெயரடை படைத்துறைச் செய்திகளிலும் வருகிறது. நீரிலும் தரையிலும் ஓடும் வண்டிக்கு இருவாழ்வி பொருந்தாது. அதற்கு வாழ்வு ஏது? அங்கே ‘நீர்நில ஊர்தி’ என்றோ ‘ஈரூடக ஊர்தி’ என்றோ தாராளமாக எழுதலாம்.