ஐப்பசி மழையில் துணி காய்வது எப்படி?

மூன்றாவது நாளாக மழை விடவில்லை. கூடத்தில் சுவருக்குச் சுவர் கட்டிய கொடியில் பள்ளிச் சீருடை, வேட்டி, துண்டு, உள்பாவாடை என்று நெருக்கியடித்துக்கொண்டு தொங்குகின்றன. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. சாரல் உள்ளே அடிக்கக் கூடாது என்று ஜன்னல்களை இறுக மூடியிருக்கிறோம். விடிந்ததும் தொட்டுப் பார்த்தால் சட்டை காய்ந்தும் காயாமலும் இருக்கிறது. மக்கிய வாடை வேறு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை முதல் நாகப்பட்டினம் வரை வீட்டுக்கு வீடு இதே பாடுதான்.

அந்த மூடிய ஜன்னலில்தான் கோளாறு இருக்கிறது.

துணியைக் காயவைப்பது வெயில் என்று நினைத்துப் பழகிவிட்டோம். வெயில் உதவுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் துணியை விட்டுக் கிளம்பும் தண்ணீர் காற்றில்தான் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அந்தக் காற்றில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கத்திரி வெயிலில் ஒரு பிற்பகல்: வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 45 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 21 கிராம் நீராவி இருக்கும். அடுத்து ஐப்பசியில் ஒரு மழை நாள்: 25 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். இப்போதும் ஒரு கன மீட்டரில் இருப்பது அதே 21 கிராம்தான்! முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டபோது விடை சரிதானா என்று நான் திரும்பவும் சரிபார்த்தேன். மழை நாளின் காற்றில் தண்ணீர் கூடுதலாக இல்லை. மாறியிருப்பது காற்றின் கொள்ளளவு. 38 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 46 கிராம் வரை நீராவியைத் தாங்கும். இன்னும் 25 கிராமுக்கு இடம் இருக்கிறது. 25 டிகிரியில் அது தாங்குவது 23 கிராம்தான். மிச்சம் இருக்கும் இடம் இரண்டே சொச்சம் கிராம்.

இனி அந்த மூடிய அறைக்குள் வருவோம். பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே சுமார் 28 கன மீட்டர் காற்று இருக்கும். கன மீட்டருக்கு 2.3 கிராம் வீதம், அந்த அறை முழுவதும் சேர்ந்து வாங்கிக்கொள்ளக்கூடிய தண்ணீர் 65 கிராம் கூட இல்லை. அரை டம்ளர் என்று சொல்லலாம். கொடியில் தொங்கும் துணிகளிலோ ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். அரை டம்ளர் போனதும் காற்று நிறைந்துவிடுகிறது. அதன்பின் மின்விசிறி இரவெல்லாம் சுற்றினாலும் அதே ஈரக் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. எஞ்சிய ஈரம் துணியிலேயே தங்குகிறது. கொஞ்சம் சுவரிலும் பீரோவின் பின்புறத்திலும் படிந்து பூஞ்சைக்கு உணவாகிறது.

வெளியேயும் 90 சதவீத ஈரம்தானே, ஜன்னலைத் திறந்து என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அடுப்பு, விளக்கு, ஆட்களின் உடல் சூடு எல்லாமாகச் சேர்ந்து வீட்டின் உட்புறம் வெளியைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருப்பது வழக்கம். வெளிக்காற்று உள்ளே வந்து 25 டிகிரியிலிருந்து 28 டிகிரிக்கு ஏறினாலே போதும், அதில் காலியாக இருக்கும் இடம் 2.3 கிராமிலிருந்து ஆறரை கிராம் ஆகிவிடும். மூன்று டிகிரிக்கு மூன்று மடங்கு! ஆனால் வந்த காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை வெளியேற்ற, அந்த அறையின் காற்று ஐந்தாறு முறையாவது முழுதாக மாறியாக வேண்டும். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலைக் கையகலம் திறந்துவைத்து, சமையலறையில் எக்சாஸ்ட் ஃபேன் இருந்தால் ஓடவிடுங்கள், வேலை நடக்கும். சில வீடுகளில் மழைக்காலத்தில் தணல் சட்டியின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் குழந்தைத் துணிகளைப் போட்டுக் காயவைப்பார்கள். அதிலும் இதே கணக்குதான். தணல் சூடேற்றிய காற்று மேலே எழுந்து, துணியைக் கடந்து, ஈரத்தோடு போய்விடுகிறது.

மின்விசிறிக்கும் உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஈரத்துணியை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும்; அது முதலில் நிறைந்துபோய், உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வழிமறித்து நிற்கும். வீசும் காற்று அந்தப் படலத்தைத் துடைத்துத் தள்ளுகிறது. இரண்டு துணிகளை ஒட்டப் போட்டால் நடுவே அகப்பட்ட காற்றுக்குப் போக்கிடம் கிடையாது. புடவையை நாலாக மடித்துப் போட்டாலும் அதே கதி. கொடியில் துணிக்குத் துணி கையகல இடைவெளி விட்டால் வெளிப்படையாகவே வித்தியாசம் தெரியும். இடம் போதவில்லை என்றால், பாதித் துணியை மட்டும் துவைப்பதே மேல்.

காற்றுக்கு அடுத்தது வெப்பம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவருவதற்கு ஆகும் வெப்பத்தைப்போல் இது எட்டு மடங்கு. மின்சாரக் கணக்கில் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதனால் ஆவியாக்காமல், தண்ணீராகவே வெளியேற்றிவிடக்கூடிய ஈரத்தை முதலில் வெளியேற்றிவிடுவதுதான் லாபம். செமி ஆட்டோமேட்டிக் இயந்திரத்தில் நாம் ‘டிரையர்’ என்று சொல்லும் தொட்டி சூடு எதையும் காட்டுவதில்லை. வேகமாகச் சுழற்றித் தண்ணீரை உதறித் தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்தச் சுழற்சிக்குச் செலவாகும் மின்சாரம், ஆவியாக்கும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. மழை நாளில் இன்னொரு ஐந்து நிமிடம் சுழலவிடுங்கள். இயந்திரம் இல்லையா? இரண்டு பேர் எதிரெதிரே நின்று போர்வையை முறுக்கிப் பிழியும் பழைய வழக்கம் இருக்கவே இருக்கிறது. முறுக்கினால் கெட்டுப்போகும் மெல்லிய துணியைக் காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி அழுத்தினால், ஈரத்தில் கணிசமான பகுதியைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும்.

ஏசி அறையில் குளிர்ச்சியிலும் துணி காய்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஏசியின் குளிர்ந்த குழாய்களில் காற்றின் ஈரம் பட்டு நீராகி, வெளியே சொட்டுகிறது. காற்றிலிருந்து தண்ணீரை எடுத்துவிடுவதால் அதில் மறுபடி இடம் உண்டாகிறது. இங்கே மட்டும் ஜன்னல் மூடியே இருக்கலாம்.

காய்வதில் ஏன் இவ்வளவு அவசரம்? வாடைதான் காரணம். துவைத்த துணியிலும் நுண்ணுயிர்கள் கொஞ்சம் தங்கத்தான் செய்கின்றன. சரியாகக் காயாத துணியின் நாற்றத்துக்கு மொராக்ஸெல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது தயாரிக்கும் ஒருவகைக் கொழுப்பு அமிலம்தான் நம் மூக்கில் ஏறுகிறது. துணி ஈரமாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது பெருகுவதற்கு வாய்ப்பு. துவைத்து முடித்த துணியை வாளியிலேயே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவது, இந்தப் பருவத்தில் அதற்கு நாமே கொடுக்கும் கொடை.

காற்றாடாத இடத்தில் காய்ந்த பருத்தித் துண்டு அப்பளம்போல் விறைத்திருப்பதற்கும் காரணம் தண்ணீர்தான். காய்ந்த பருத்தி என்று நாம் சொல்வதிலும் தண்ணீர் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது பருத்தி தன் எடையில் சுமார் எட்டு சதவீதம் ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும். பாலியெஸ்டரில் அது அரை சதவீதம்கூட இராது. பருத்தியில் எஞ்சும் இந்தத் தண்ணீர் இழைக்கு இழை பசைபோல் ஒட்டவைக்கிறது என்று 2020இல் வெளியான மற்றொரு ஜப்பானிய ஆய்வு காட்டியது. கொடியில் போடும்போதும் எடுக்கும்போதும் இரண்டு உதறு உதறினால் ஒட்டிய இழைகள் பிரிந்துவிடும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? என் அம்மா சட்டையின் கழுத்துப்பட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். நம் தோலில் ஈரத்தை அறிவதற்கென்று தனி உணர்விகள் கிடையாது. குளிர்ச்சியையும் தொடுகையையும் சேர்த்துத்தான் ‘ஈரம்’ என்று மூளை முடிவு கட்டுகிறது. ஆவியாகும் தண்ணீர் துணியிலிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், ஈரம் மிச்சம் இருக்கும் இடம் சில்லென்று இருக்கும். கன்னம் அந்தக் குளிர்ச்சியை உடனே சொல்லிவிடும். வேலை செய்து காய்த்துப்போன உள்ளங்கைக்கு அது சட்டென்று தெரியாது. துணியை எடுப்பது நாலு மணிக்கு. பொழுது சாயச் சாய வெப்பம் இறங்கி, காற்றின் ஈரப்பதம் ஏறும். காய்ந்த பருத்தி மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஜீன்ஸை மட்டும் அம்மா முதலில் எடுக்கமாட்டார். இடுப்புப் பட்டையிலும் பைகளின் அடியிலும் நாலைந்து மடிப்புத் துணி சேர்ந்திருப்பதால் அங்கேதான் ஈரம் கடைசிவரை நிற்கும். பைகளை வெளியே இழுத்துவிட்டு, உள்புறம் வெளியே வரும்படி புரட்டி, விசிறிக்கு நேர் கீழே இன்னும் ஒரு மணி நேரம் போட்டுவைப்பார்.