இளஞ்சிவப்பு நிற்கும் இடம்

கம்பி பதித்த ஒரு பழைய கான்கிரீட் காரைத் துண்டை உடைத்து, உடைந்த முகத்தில், காரத்தைக் காட்டிக்கொடுக்கும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்துப் பாருங்கள். உள்பக்கம் சட்டென்று இளஞ்சிவப்பாகும். வெளி ஓரத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் நிறமே ஏறாது. அந்த வெளுத்த ஓரம் கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி.

நிறம் ஏறுகிற இடத்தில் காரத்தன்மை இன்னும் மிச்சம் இருக்கிறது. புதுக் காரைக்குள் காரத்தின் அளவைச் சொல்லும் பிஎச் 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் சில நானோமீட்டர் தடிமனுக்கு ஓர் ஆக்சைடு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. காற்றின் கார்பன் டை ஆக்சைடு நுண்துளைகள் வழியே புகுந்து, காரத்தைத் தரும் சுண்ணாம்பைத் தீர்த்துவிட்டால் பிஎச் 9-க்குக் கீழே இறங்கும், படலமும் போகும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், காரை பிளக்கும்.

சரி, சிமெண்டைக் குறைத்தால்? எல்சி3 என்ற, சுட்ட களிமண் கலந்த சிமெண்ட் கலவையில், சிமெண்டின் மூலப்பொருளாக 1450 டிகிரியில் சுட்ட கிளிங்கர் பாதிதான். மீதிப் பாதி, மொத்தக் கலவையில் 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல், 5 சதவீதம் ஜிப்சம். களிமண்ணைச் சுட 800 டிகிரி போதும் என்பதால் கார்பன் உமிழ்வு குறைகிறது. ஆனால் இந்தக் களிமண் இறுக வேண்டுமானால் கிளிங்கர் தரும் சுண்ணாம்பைத்தான் தின்ன வேண்டும். கம்பிக்குக் காவலாக இருந்த இருப்பு அங்கேயே கரைகிறது, வெளுத்த ஓரம் வேகமாக உள்ளே நகர்கிறது.

அதே வினை நுண்துளைகளை மிகச் சிறிதாக்கி விடுகிறது. களிமண்ணின் அலுமினா, உப்பில் வந்து கம்பியை அரிக்கும் குளோரைடையும் கொஞ்சம் கட்டிப் போடுகிறது. அதனால் கடலோரத்தில் இந்தக் கலவை சாதா சிமெண்டை நன்றாகவே முந்துகிறது. சென்னை ஐஐடி உட்படப் பல ஆய்வகங்கள் இதைக் கண்டிருக்கின்றன.

வெளுத்த ஓரத்தை மட்டும் அளந்து இந்தக் கலவையை ஒதுக்குவது நியாயமில்லை என்பேன். துருவுக்கு ஈரமும் வேண்டும். உலர்ந்த உள்சுவரில் படலம் போனாலும் கம்பி பல காலம் அப்படியே கிடக்கும். மழையில் நனைந்து நனைந்து காய்கிற வெளிச்சுவர்தான் ஆபத்து. அப்புறம், களிமண் மெதுவாகத்தான் வேலை செய்யும். மூன்றாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்தினால் மேல்தோல் துளைகளோடு நின்றுவிடும். கம்பிவலைக்கு மேல் வெறும் 5 மில்லிமீட்டர் பூச்சு நிற்கும் ஃபெரோசிமெண்ட் தொட்டியில், வலை துத்தநாகம் பூசியதாக இல்லாவிட்டால் நான் இதைப் போடமாட்டேன்.