ஐ7 என்ற ஸ்டிக்கரை நம்பாதீர்கள்: சிபியு பெட்டியை மாற்றி மினி பிசி வாங்குவோருக்கு

"ஐ7, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11." இப்படி ஸ்டிக்கர் ஒட்டிய சின்னப் பெட்டி ஒன்று, வாங்கிப் பத்து நாள்கூட ஆகாமல் சர்வீஸ் மேசைக்கு வந்திருக்கிறது. காரைக்குடியில் ஓர் அடகுக் கடைக்கு வாங்கியது. மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது 2013-இல் வெளிவந்த நான்காம் தலைமுறை ஐ7. தூக்கிப் போட்ட பழைய சிபியுவுக்கும் இதற்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. இதே ஏமாற்றத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாகிவிட்டது. அதனால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

இன்டெல் சிப்புகளின் பெயரில் வரும் ஐ3, ஐ5, ஐ7 என்பவை வேகத்தின் அளவு அல்ல. அந்தந்த வருடத்து வரிசையில் அந்த சிப்புக்கு எந்த இடம் என்பதை மட்டுமே அவை சொல்லும். எந்த வருடத்து வரிசை என்பது கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. அந்த எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கம், இல்லையென்றால் முதல் இலக்கம்தான் தலைமுறை. ஐ5-4570டி நான்காம் தலைமுறை. ஐ5-8500டி எட்டாவது. ஐ5-10500டி பத்தாவது. முதல் இரண்டுக்கும் பெயர் ஐ5-தான், ஆனால் 4570டியில் இரண்டே கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி), 8500டியில் ஆறு கோர். "ஐ3 வேண்டாம், ஐ7 கொடுங்க" என்று கேட்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஐ3-8100டி விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கும், ஐ7-7700 ஏற்காது. விற்பவர் "ஐ7" என்று மட்டும் சொல்லி, முழு எண்ணைச் சொல்லத் தயங்கினால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கும் பெட்டிதான் வேண்டும், இன்டெல் ஐ வரிசை என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்காதீர்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கட்டாயம். பழைய சிப்பிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்ற முடியும், அதைத்தான் செய்து விற்கிறார்கள். அடுத்த பெரிய அப்டேட் வரும்போது அது தானாக ஏறாது, மறுபடி யாரையாவது கூப்பிட வேண்டும்.

வாங்கும் இடத்திலேயே ஆன் செய்து பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் சிப்பின் முழுப் பெயர், கோர் எண்ணிக்கை, ரேம் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது எல்லாம் தெரியும். கம்பெனிகளில் ஓடிய பழைய பெட்டி என்றால் ஆன் செய்யும்போது பயாஸுக்குள்ளும், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங் பக்கத்துக்குள்ளும், போய்ப் பாருங்கள் (லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10). பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம்.

டேலி, பில், மெயில் அளவுக்குத்தான் வேலை என்றால் இன்டெல்லின் சிக்கன ரக சிப்பான என்100 போட்ட புதுப் பெட்டியே போதும். 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இருக்கட்டும். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான சேமிப்பு) உள்ளதை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். என்100 பெட்டிகள் பலவற்றில் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. ஸ்லாட் உள்ள பெட்டிகளும் லேப்டாப் ரேமைத்தான் ஏற்கும், பழைய சிபியுவின் ரேமைக் கழற்றிப் போட முடியாது.

காசு கொடுப்பதற்கு முன்னால் பழைய பெட்டியைத் திருப்பி, பின்னால் என்னென்ன செருகியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மானிட்டர் விஜிஏ வயரா? புதுப் பெட்டியில் பெரும்பாலும் ஹெச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான் இருக்கும், அதற்கேற்ற கன்வெர்ட்டர் வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அகலமான பேரலல் வயரில் ஓடுகிறதா? யுஎஸ்பி-பேரலல் வயர் வாங்கலாம். ஆனால் உங்கள் பில் மென்பொருள் நேராக எல்பிடி1-க்கு (பேரலல் போர்ட்டின் பெயர்) அனுப்பும் ரகம் என்றால் அது மட்டும் போதாது, பிரிண்டரை ஷேர் செய்து நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அதற்குத் திருப்பிவிட வேண்டும். மென்பொருளின் உரிமத்துக்காகப் பேரலல் போர்ட்டில் மாட்டும் பழைய டாங்கிளுக்கு இந்த வயர் உதவாது.

இன்னும் பெரிய சிக்கல், வட்டிக் கணக்குக்கு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ மென்பொருள். அது 16 பிட். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட்டில் 16 பிட் மென்பொருள் ஓடாது. டாஸ் மென்பொருளை விண்டோஸில் ஓட்டித் தரும் விடாஸ் போன்ற ஒன்றின் வழியாக ஓட்ட முடியும். அதை உங்கள் சொந்தக் கணக்கு ஃபைலோடு, ஒரு ரசீது அச்செடுத்துப் பார்த்த பிறகு பெட்டியை வாங்குங்கள்.

சார்ஜர் மாதிரி அடாப்டர் வருகிறதே என்று யுபிஎஸ்ஸைக் கழற்றி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இதற்குள் பேட்டரி இல்லை. கரண்ட் போனால் அந்த நொடியே அணையும், டேலி ஃபைல் கெட்டுப்போகலாம். பழைய 600 விஏ யுபிஎஸ் நல்ல நிலையில் இருந்தால் அதுவே இதற்கு முன்பைவிட அதிக நேரம் தாங்கும். அடாப்டர் போனால் கிடைத்ததை மாட்டாதீர்கள். டெல் அடாப்டரின் செருகும் முனைக்கு நடுவே சன்னமான ஊசி ஒன்று இருக்கும், அதன் வழியாகத்தான் பெட்டி தன் அடாப்டரை அடையாளம் காணும். அடையாளம் தெரியாவிட்டால் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் வைரஸ் என்று நினைப்பீர்கள்.

சின்னப் பெட்டியில் காற்றுப் போகும் வழியும் சின்னது. பலகாரம் போடும் இடத்தில் எண்ணெய்ப் புகை ஹீட்சிங்க் தகடுகளில் படியும், அதன்மேல் மாவுத்தூசி ஒட்டி ஒரே மாதத்தில் கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையில் சிமெண்டுத் தூள். அங்கெல்லாம் பெட்டியை அடுப்புக்கும் அச்சுக்கும் தள்ளி வேறு அறையில் வையுங்கள். தூசி படக்கூடாது என்று துணி போர்த்தும் ஆச்சிகளுக்கு: ஆச்சி, அணைத்த பிறகு போர்த்துங்கள், ஓடும்போது வேண்டவே வேண்டாம். தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதும் அதே தப்புதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோவர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஹார்ட் டிஸ்க் மூன்றரை அங்குலம், புதுப் பெட்டிக்குள் நுழையாது. தனி 12 வோல்ட் அடாப்டரோடு வரும் யுஎஸ்பி கேஸில் மாட்டி டேட்டாவை எடுங்கள். புதியதில் ஒரு மாதக் கணக்கு முடித்து, ஜிஎஸ்டியும் தாக்கல் செய்யும் வரை அந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாதீர்கள், பழைய சாமான்காரரிடமும் போடாதீர்கள்.