சாக்கடையை அடைத்த பிறகும் ஏரி ஏன் பச்சையாகிறது?

ஏரிச் சீரமைப்புப் பணியில் மக்கள் எங்களிடம் மனம் வெறுத்துக் கேட்கும் கேள்வி இது. கழிவுநீர் வரும் வழியை அடைத்தாயிற்று. ஆனாலும் வெயில் ஏறியதும் பாசி பொங்குகிறது. காரணம் அடிச்சேற்றில் இருக்கிறது. பல ஆண்டுகளாக வந்து படிந்த பாஸ்பரஸ் அங்கே தேங்கிக் கிடக்கிறது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கும் குறைவான பாஸ்பரஸே பாசி செழிக்கப் போதும்.

சேற்றில் ஆக்சிஜன் எட்டும்வரை, அங்கே துரு வடிவில் உள்ள இரும்பு, பாஸ்பரஸின் ஒரு வடிவமான பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் மட்கிய பொருளைச் சிதைத்து, அதில் வெளிப்படும் எலக்ட்ரான்களை அந்த இரும்பிடமே தள்ளுகின்றன. இரும்பு கரைகிறது, பாஸ்பேட் விடுபட்டு மேலே ஏறுகிறது.

சேற்று பாக்டீரியாக்களின் எலக்ட்ரான்களை மின்னோட்டமாக்கும் வண்டல் நுண்ணுயிர் எரிபொருள் கலம் என்ற அமைப்பு குறுக்கிடுவது இங்கேதான். சேற்றுக்குள் கிராஃபைட் அல்லது கார்பன் மின்முனை ஒன்று, ஆக்சிஜன் உள்ள மேல்நீரில் இன்னொன்று, இரண்டையும் இணைக்க ஒரு கம்பி. ஜியோபேக்டர் போன்ற பாக்டீரியாக்கள் எலக்ட்ரான்களை மின்முனையிடம் கொடுத்துவிடுகின்றன. அவை கம்பி வழியே மேலேறி ஆக்சிஜனைச் சேர்கின்றன. இரும்பு துருவாகவே நிற்பதால் பாஸ்பேட்டும் சேற்றில் தங்குகிறது. சேற்றில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மம் உருவாவது குறைந்தால் இன்னும் நல்லது. இரும்பைத் தன் பக்கம் இழுத்து, பாஸ்பேட்டைப் பிடிக்க விடாமல் செய்வது அதுதான்.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்றே பலரும் முதலில் கேட்கிறார்கள். சதுர மீட்டருக்குச் சில மில்லிவாட் முதல் சில பத்து மில்லிவாட் வரை என்பதுதான் வழக்கமான அளவு. அதை வைத்து இந்த முறையை எடைபோடுவது அநியாயம். சேற்றுத் துகள்களுக்கு இடையே தங்கும் துளைநீரில் பாஸ்பேட்டும் கரைந்த இரும்பும் குறைகின்றனவா என்று பாருங்கள்.

வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். மின்முனையைச் சுற்றிச் சில சென்டிமீட்டர் வரைதான் பலன் தெளிவாகத் தெரியும். பெரிய ஏரி முழுவதும் பதிப்பது இன்றைக்கு நடைமுறைக்கு ஒத்துவராது. மேல் மின்முனையில் பாசி படர்ந்தால் மின்னோட்டம் தளரும். இரும்பு குறைந்த சேற்றில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பாஸ்பரஸ் ஏரியை விட்டுப் போவதில்லை என்பதால், கம்பி அறுந்தால் பழைய கதை திரும்பலாம். எனவே இதைக் காட்டி ஒரு கழிவுநீர் வாய்க்காலைக்கூடத் திறந்து வைக்க யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

முயன்று பார்க்க விரும்புவோர் கழிவுநீர் வரும் வழியை அடைத்துவிட்ட சிறு குளத்தில் தொடங்குங்கள். கம்பி இணைக்காத இன்னொரு ஜோடி மின்முனைகளையும் அருகிலேயே பதித்து, இரு இடங்களிலும் ஒரே நாளில் மாதிரி எடுங்கள். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால், பாஸ்பேட் குறைந்தது மின்முனையாலா மழையாலா என்று யாராலும் சொல்ல முடியாது.