கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள்

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடை. தீபாவளிக் கொள்முதல் உச்சத்தில் இருந்தபோது, பில் போட முடியவில்லை என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், கணக்குக் கோப்புகள் ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத எழுத்துகள் ஒட்டியிருந்தன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ். ஃபோல்டருக்கு ஃபோல்டர் பணம் கேட்டு ஒரு கடிதம். எல்லா மேசைகளுக்கும் ஷேர் செய்திருந்த அதே ஃபோல்டருக்குள்ளேயே ‘புது பேக்கப்’ என்று ஒரு நகலும் வைத்திருந்தார்கள். அதற்கும் அதே கதி. மதுரைக் கடைகளில் இதைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்துவிட்டது.

“எல்லாம் கடைக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்கள்தானே தம்பி, வெளியாள் எப்படி வருவான்?” என்றார் முதலாளி. எங்கே போனாலும் இதே கேள்விதான். வெளியாள் வரவே வேண்டாம். பில் மேசையில் இருப்பவர் மின்னஞ்சலில் வந்த போலி இன்வாய்ஸைத் திறந்தால் போதும். வைரஸ் அவர் பெயரிலேயே வேலை செய்யும். அவருக்கு எங்கெல்லாம் எழுதவும் அழிக்கவும் உரிமை உண்டோ, அங்கெல்லாம் அதற்கும் உண்டு. நீங்களோ ஃபோல்டரை ‘எவ்ரிஒன்’, ‘ஃபுல் கண்ட்ரோல்’ என்று, அதாவது எல்லோருக்கும் முழு உரிமையோடு ஷேர் செய்து, பாஸ்வேர்டையும் எடுத்துவிட்டீர்கள். கணக்குக் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் இருந்ததே என்கிறீர்கள். வைரஸ் ஓடியது பக்கத்து மேசையில். இங்கே தெரிந்ததெல்லாம், அனுமதி உள்ள ஒருவர் கோப்பைத் திருத்துவது மட்டுமே.

2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற இதே வகை வைரஸுக்கு யாரும் எதையும் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி 1 என்ற பழைய முறையின் ஓட்டை வழியாகத் தானே தாவியது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே தந்திருந்தது. இன்றும் பழைய ஜெராக்ஸ் மிஷினிலிருந்து ஸ்கேன் வரவேண்டும் என்பதற்காக அந்த முறையை உயிர்ப்பித்து வைத்திருக்கிறார்கள். அணைத்துவிடுங்கள்.

ஆளுக்கொரு பயனர் பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுங்கள். பார்க்க மட்டும் வேண்டியவருக்கு ‘ரீட்’ போதும். முழு டிரைவையும் ஷேர் செய்யாதீர்கள். வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் 445ஆம் போர்ட்டை, அதாவது கோப்புப் பகிர்வுக்கான வாசலை, இன்டர்நெட்டுக்குத் திறக்கச் சொன்னால் நான் செய்து தரமாட்டேன். வேறு யார் செய்து தந்தாலும் விடாதீர்கள். அதற்கு விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு இருக்கிறது.

இன்னொன்று: கடைக்குள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு மெதுவாகப் போகிறது என்று இன்டர்நெட் பிளானை மாற்றாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள்.

பேக்கப் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இன்று கடை அடைக்கும் முன் கணக்கைத் தனி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுங்கள். எடுத்ததில் ஒரு கோப்பை அங்கேயே திறந்து பாருங்கள். பிறகு வயரைக் கழற்றி, டிஸ்கை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.