பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை

"பாட்டுன்னா முழுசா பாடுறாரு மேடம். தண்ணி வேணும்னு கேக்கத்தான் வாய் வரலை. வேணும்னே பண்றாரான்னு பசங்க கேக்குறாங்க."

பேச்சுப் பயிற்சி தரும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவரின் வீட்டார் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் இதைக் கேட்பார்கள், அவருக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில். அவருக்கு நன்றாகவே கேட்கும்.

வேண்டுமென்று செய்வதில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை உருவாக்கும் வேலை மூளையின் இடது பாதியில் நடக்கிறது. 1861-ல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, பல ஆண்டுகளாக 'டான்' என்ற ஓசையைத் தவிர அநேகமாக வேறெதுவும் சொல்ல முடியாமலிருந்த ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையைப் பார்த்தார். இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்தது. மெட்டு அப்படி ஒரே பக்கத்தில் அடைபட்டுக் கிடப்பதில்லை. வலது பாதிக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. அதோடு, நூறு முறை பாடிய வரியைச் சொல் சொல்லாகத் தேடிக் கோக்க வேண்டியதில்லை. சரம் மொத்தமாக வந்து விழும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும், கிழமைகளை ஒப்பிப்பதும், கோபத்தில் வரும் வசவும் இதே ரகம்தான். (வசவு மட்டும் சுத்தமாக வருகிறதே என்று கூசிப்போகும் குடும்பங்கள் உண்டு. நான் அதைக் குறித்துவைத்துக்கொள்வேன்: நாக்கும் உதடும் வேலை செய்கின்றன.)

அதனால் பாட்டு வந்துவிட்டது, பேச்சும் தானாக வந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது. பாட்டிலிருந்து பேச்சுக்குப் படி கட்ட வேண்டும். 1973-ல் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவர் வெளியிட்ட முறை அப்படிப்பட்டது. 'தண்ணி வேணும்' போன்ற அன்றாடச் சொற்றொடரை உயர்ந்தும் தாழ்ந்தும் இரண்டே சுருதியில் இழுத்துச் சொல்லவைப்போம். அசைக்கு ஒரு தட்டாக இடது கையால் மேசையில் தட்டவைப்போம். முதலில் முணுமுணுப்பு, பிறகு சேர்ந்து பாடுவது, பிறகு அவர் தனியாக. கடைசியில் மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடுவோம். கைகொடுப்பது மெட்டா, தாளமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். என் அனுபவத்தில் தட்டு தவறினால் சொல்லும் தவறுகிறது. எல்லாருக்கும் இது பொருந்தாது. பிறர் சொல்வது ஓரளவு புரிந்து, தான் சொல்லத்தான் முடியாமல் தவிப்பவர்களுக்கே பலன் அதிகம்.

இதற்கு நேர் எதிரான ஒன்றைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதேயில்லை. மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்களில் சிலருக்குச் சொல் எல்லாம் இருக்கும், ராகம் போய்விடும். 'வா' என்ற ஒரே எழுத்தை நாம் கொஞ்சலாகச் சொல்கிறோம், அதட்டலாகச் சொல்கிறோம், வேண்டாவெறுப்பாகவும் சொல்கிறோம். அவர்களிடம் எல்லா 'வா'வும் ஒன்றுபோல வரும். பிறர் குரலில் இருக்கும் கேலியும் பிடிபடாமல் போகலாம். பேச்சு தெளிவாக இருப்பதால் யாரும் சிகிச்சைக்கு அழைத்து வருவதில்லை. "அப்பாவுக்குப் பாசமே விட்டுப்போச்சு" என்று பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். பாசம் அங்கேயேதான் இருக்கும். அதை ஏற்றிவரும் குரல்தான் பழுதாகியிருக்கும். இப்படிப்பட்டவரிடம் "நான் சொன்னது உங்களுக்குக் கஷ்டமாயிருக்கா?" என்று நேரடியாகக் கேளுங்கள். தொனியைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

சொல்லை இழந்தவர் விஷயத்தில் இதைத் திருப்பிப் போட வேண்டும். சொல் பிடிபடாத நிலையிலும் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து நீங்கள் சலித்துக்கொள்வதை அவர் கண்டுபிடித்துவிடுவார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசாதீர்கள். குழந்தையிடம் பேசுவதுபோலவும் வேண்டாம். போயிருப்பது மொழி, அறிவல்ல. அவர் வாய் திறந்ததும் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காமல் பத்து வினாடி பொறுங்கள். அந்தப் பத்து வினாடி எவ்வளவு நீளம் என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட, பாட்டு மட்டும் வந்தவர் ஏழாவது வாரம் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். "போ... தும்," என்றார், மேலிருந்து கீழே இறங்கும் சுருதியில். அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்திக்கொண்டோம்.