ஏற்காட்டில் மனிதக் குரங்கா? முதலில் பெருவிரலைப் பாருங்கள்

சேலத்தில் கால்நடை மருத்துவராக இருப்பதால் மாடு, ஆடு, நாய் தவிர இன்னொரு வகைக் கேஸும் என்னிடம் வரும். ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் செல்போனில் எடுத்த மங்கலான கால்தடம், தாளில் மடித்த ஒரு கொத்து முடி, கூடவே "சார், இது மனிதக் குரங்குதானே?" என்ற கேள்வி. 'எட்டி' எனப்படும் இமயமலைப் பனிமனிதன் வீடியோ ஏதாவது வாட்ஸ்அப்பில் சுற்றினால் அந்த வாரம் கூட்டம் கொஞ்சம் அதிகம்.

இல்லை என்பதுதான் பதில். இந்தியக் காடுகளில் வாழும் வாலில்லாக் குரங்கு கிப்பன் மட்டும்தான், அதுவும் வடகிழக்கில். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நம் கைப்பொட்டலத்தைப் பிடுங்குவது வாலுள்ள நாட்டுக் குரங்கு. இரண்டு கையிலும் தின்பண்டத்தை அள்ளிக்கொண்டால் அது பின்னங்காலில் நாலு எட்டு நடக்கும். அந்தி நேரத்தில் பார்த்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும்தான்.

அதிகம் ஏமாற்றுவது கால்தடம். கரடியின் பின்னங்கால் தடத்தில் ஐந்து விரலும் நீண்ட குதிகாலும் மனிதப் பாதம் போலவே இருக்கும். ஆனால் நமக்குப் பெருவிரல் உள்பக்கம். கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம். விரல்களுக்கு முன்னால் நகக் கீறலும் தெரியும். முன்னங்கால் பதிந்த இடத்தில் பின்னங்காலும் பாதி ஏறி விழுந்தால் இரண்டும் சேர்ந்து ராட்சதப் பாதமாகிவிடும். பனியில் வெயில் பட்டால் அது இன்னும் அகலும். 2019 ஏப்ரலில் நேபாளத்தின் மகாலு மலை முகாம் அருகே 32 அங்குல எட்டித் தடம் என்று நம் ராணுவமே ட்விட்டரில் படம் போட்டது நினைவிருக்கலாம்.

முடி, தோல் எல்லாம் ஆய்வகத்துக்குப் போனால் கதை மாறிவிடும். 1960இல் எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி நேபாளத்தின் கும்ஜுங்கிலிருந்து வாங்கிப்போன 'எட்டியின் உச்சந்தலை', ஆட்டினத்தைச் சேர்ந்த மலை விலங்கொன்றின் தோலில் செய்தது. மேகாலயாவின் காரோ மலையில் கிடைத்த முடியும் 2008இல் கோரல் என்ற மலையாட்டினுடையது என்று தெரிந்தது. 2017இல் எட்டியுடையவை எனப்பட்ட 9 மாதிரிகளின் டிஎன்ஏ-வைப் பார்த்தார்கள்: 8 கரடி, 1 நாய்!

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அதிசயமில்லை. சொறி முற்றி முடியெல்லாம் கொட்டிய நாயையே அதன் சொந்தக்காரர் இருட்டில் அடையாளம் காண மாட்டார். தோலுரிந்த கரடிப் பாதத்தை மனிதக் கை என்று நினைத்துப் போலீஸுக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

சரி, நம்பிவிட்டுப் போகட்டுமே என்று விடவும் முடியவில்லை. 2001 மே மாதம் டெல்லியில் 'குரங்கு மனிதன்' பீதியில் மொட்டைமாடியிலிருந்து விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஏற்காட்டில் டார்ச்சோடு தோட்டத்துக்குள் தேடப் போகிறவருக்கு எதிரே நிற்கப்போவது காட்டெருமை. அது நிஜம், ஆளைத் தூக்கி எறியும்.

தடம் கண்டால் பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்து, நேர்மேலிருந்து பகலில் படம் எடுங்கள். ஒற்றைத் தடம் போதாது, வரிசையாக நாலைந்து வேண்டும். செத்த விலங்கைத் தொடவே வேண்டாம், வெறிநோய் இருக்கலாம். முடி கிடந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய கரடிமுடித் தாயத்தைக் காட்டி "இதோடு ஒப்பிட்டுப் பாருங்க சார்" என்பவர்களும் வருகிறார்கள். உள்ளே இருப்பது நிஜமாகவே கரடி முடி என்றால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம்.